கொடுக்கத் தெரிந்த நமக்கு ஏற்கத் தெரியுமா?



மருத்துவமனையில் நோயாளிக்கு எல்லாம் உண்டு. கட்டிலுக்கு எண் உண்டு. மணிக்கட்டில் பெயர்ப்பட்டை உண்டு. வேளாவேளைக்கு மருந்து உண்டு. நோய்க்கு ஏற்றபடி சாப்பாட்டுத் தட்டும் உண்டு. துணைக்கு வந்து கட்டிலோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று எந்தக் கோப்பிலும் யாரும் எழுதுவதில்லை. இதை மருத்துவமனையின் குறையாக நான் சொல்லவில்லை. நோயாளிகளைக் கவனிக்கவே அங்கே தாதியர்க்கு இரண்டு கைகள் போதவில்லை. அப்படியானால் துணைக்கு இருப்பவரை யார்தான் கவனிக்கிறார்கள்? பதினாறு இரவுகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் கண்ட விடை, பெயர்கூடத் தெரியாத பக்கத்துக் கட்டில்காரர்கள் என்பதுதான்.

அந்த அனுபவத்திலிருந்து எனக்குள் எழுந்த ஒரு கருத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நம் சமூகம் கொடுப்பதை நமக்கு மிக நன்றாகக் கற்றுத் தந்திருக்கிறது. துன்ப காலத்தில் பிறர் கையிலிருந்து ஒரு பிடி சோற்றை மனம் கூசாமல் ஏற்கக் கற்றுத் தரவில்லை. கொடுப்பது பண்பாடு என்றால் ஏற்பதும் பண்பாடுதான். ஏற்கத் தெரியாதவர்களாகவே நாம் வளர்ந்தால், நம் குடும்பங்கள் தங்கள் துன்பத்தோடு தனியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முதலில் சூழலைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு பருவ விடுமுறையில் என் பாட்டியைப் பேராக்கிலுள்ள ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். பாட்டிக்கு வயது 74. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பால்மரம் சீவியவர். இருபது ஆண்டுகளாக நீரிழிவு நோய். வலது காலில் வந்த சிறிய புண் ஆறாமல், விரல்கள் கறுத்துவிட்டன. அப்பா லாரி ஓட்டுநர். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. மகளிர் வார்டில் இரவில் ஒரு பெண் துணை மட்டும் தங்கலாம் என்றார்கள். விடுமுறையில் இருந்தவள் நான். அதனால் நாற்காலி எனக்கு வந்தது.

நாம் எல்லாரும் தமிழ்ப்பள்ளியில் ஆத்திசூடியை மனனம் செய்தவர்கள். பொருள் புரியாத வயதிலேயே அது நாவில் ஏறிவிட்டது. இரப்போர்க்கு இட்டுவிட்டு உண்ண வேண்டும், பிறர் கொடுப்பதைத் தடுக்கக் கூடாது என்று ஔவையார் சொன்னதோடு, பிறரிடம் கையேந்தி வாங்குவது இழிவு என்றும் சொல்லிவைத்தார். அவர் சொன்னது உழைக்காமல் இரந்து வாழ்வதைப் பற்றி. நாம் எடுத்துக்கொண்டதோ வேறு. யாரிடமும் எதையும் வாங்காமல் இருப்பதே மானம் என்று நம் வீடுகளில் அதற்குப் பொருள் கொண்டுவிட்டோம்.

இதைத் தமிழ்ப்பள்ளியிலேயே நான் உணர்ந்திருக்கிறேன். ஆர்.எம்.டி. என்று நாம் அழைக்கும் கூடுதல் உணவுத் திட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் உணவு கொடுக்கும் அரசாங்கத் திட்டம். அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. சோறும் குழம்பும் இருக்கும், ஒரு துண்டு பப்பாளி இருக்கும், சில நாள்களில் பாலும் வரும். நல்ல உணவுதான். ஆனாலும் மற்றவர்கள் பார்க்க எழுந்து போய்த் தனி மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதில் ஒரு கூச்சம் இருந்தது. "இலவசச் சாப்பாடு" என்று சக மாணவர்கள் சொல்லும் சொல்லில் அந்தக் கூச்சம் வளர்ந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்குச் சோற்றோடு சேர்த்து வெட்கத்தையும் ஊட்டிவிடுகிறோம். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து மருத்துவமனை நாற்காலியில் பசியோடு உட்கார்ந்து, "வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன்" என்று சிரிக்கிறது.

அந்தப் பதிலை வார்டில் எத்தனையோ முறை கேட்டேன். பெரும்பாலும் நம்மவர்களிடம்தான் கேட்டேன். எதிர்வரிசையில் தன் தாயாருக்குத் துணையிருந்த ஓர் அக்காள் இரண்டு நாளாகத் தேநீரும் ரொட்டியுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். யார் கேட்டாலும் சாப்பிட்டாகிவிட்டது என்பார். பார்வையாளர் நேரத்தில் வந்துபோகும் அவருடைய உறவினர்களும் ஆரஞ்சும் ஆப்பிளும் நோயாளிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்த அக்காள் சாப்பிட்டாரா என்று கேட்க அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் யாரைப் பார்க்காமல் வருகிறோம் என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

மாலை 7 மணிக்குப் பார்வையாளர் நேரம் முடிந்ததும் வார்டு வேறோர் இடமாகிவிடும். கூட்டம் கலைந்து, விளக்குகள் பாதி அணைந்து, துணைக்கு இருப்பவர்கள் மட்டும் மிஞ்சுவோம். முதல் நாள் இரவு அப்படி உட்கார்ந்திருந்தபோது, எதிர்க்கட்டிலில் தன் தாயாரைப் பார்த்துக்கொண்டிருந்த மலாய்க்கார மாக்சிக் ஒரு தூக்குச்சட்டியோடு என்னிடம் வந்தார். பேராக் ஆற்றோரக் கம்பம் ஒன்றைச் சேர்ந்தவர். சட்டியைத் திறப்பதற்கு முன் அவர் சொன்ன முதல் செய்தி, அதில் மாட்டிறைச்சி இல்லை என்பது. கோழியும் சோறும் மட்டும்தான், நீ சாப்பிடுவாயா, இன்று உனக்கு விரதமா என்று மலாயில் கேட்டார். நான் சாப்பிட்டேன். பசித்த வயிற்றுக்கு அந்தச் சோறு எப்படி இருந்திருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. என் மனத்தில் நின்றது அவர் கேட்ட கேள்விதான்.

தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு படித்தவள் நான். இன ஒற்றுமையைப் பற்றி மலாய்மொழித் தேர்வுகளுக்கு எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஆனால் சிற்றுண்டிச்சாலையில் நாங்கள் அவரவர் கூட்டத்தோடுதான் உட்காருவோம். உணவு நம்மைப் பிரிக்கிறது என்று பலரும் சொல்வதுண்டு. அவர் ஹலால் பார்ப்பார், நாம் மாட்டிறைச்சி உண்ணமாட்டோம், சீனருக்கு வேறு முறை, பிறகு எப்படிச் சேர்ந்து உண்பது என்பார்கள். வார்டில் அந்த வேலிகள் எதுவும் விழுந்துவிடவில்லை. அவை அப்படியே நின்றன. ஆனால் ஒருவர் வேலியை மற்றவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பக்கத்துக் கட்டில் சீன ஆன்ட்டி சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். பாட்டிக்குச் செவ்வாயும் வெள்ளியும் சைவம். மாக்சிக்குக்கு நாங்கள் வாழைப்பழம் கொடுத்தோம், உறை பிரிக்காத பிஸ்கட் கொடுத்தோம். மூன்றாம் நாளுக்குள் யாருக்கு என்று எது ஆகாது என்பது எங்கள் வரிசை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. ஒருவருக்கு ஆகாததை நினைவில் வைத்துக்கொள்வதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன இருக்கிறது?

இன்னொன்றையும் கவனித்தேன். நாம் ஒருவரைப் பார்த்ததும் "சாப்பிட்டியா?" என்கிறோம். மலாய்க்காரர் "சுடா மாக்கான்?" என்கிறார். ஈப்போ வட்டாரக் கண்டனீசு பேசும் சீனரும் சோறு சாப்பிட்டாயிற்றா என்றுதான் கேட்கிறார். மூவருமே நலம் விசாரிக்க உணவைத்தான் விசாரிக்கிறோம். வெளியே இது வெறும் வழக்கச்சொல். பதிலுக்காக யாரும் நிற்பதில்லை. மருத்துவமனையில் மட்டும் கேட்டவர் பதிலுக்காக நிற்கிறார்.

பாட்டி சேர்ந்த நான்காம் நாள் மருத்துவர் வந்தார். இளைஞர், பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசினார். பாட்டிக்குத் தெரிந்தது தோட்டத்துப் பாசார் மலாய். அவர் பேசியதில் பாட்டிக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். "போத்தோங்." வெட்டுவது. தோட்டத்தில் மரம் சீவுவதற்கும் துரைமாரும் கங்காணிகளும் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்களாம். பாட்டி என்னைப் பார்த்து, "நான் சீவுன மரமெல்லாம் சேந்து என் காலச் சீவ வருதா ஆயி?" என்றார். இரண்டு விரல்களை மட்டும் எடுப்பார்கள், புண் மேலே ஏறினால்தான் முழங்கால்வரை போகவேண்டியிருக்கும் என்று நான் தமிழில் விளக்கினேன். மருத்துவர் சொன்னதில் பாதி ஆறுதலாகவும் இருந்தது. அந்தப் பாதி அதுவரை பாட்டியின் காதுக்கு எட்டவே இல்லை.

அன்றிலிருந்து பாட்டி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். காலைக் கஞ்சி அப்படியே திரும்பும். மதியத் தட்டின் மூடியைக்கூடத் திறக்கவிட மாட்டார். அம்மா தெர்மோஸில் கொண்டுவந்த மிளகு ரசத்தையும் தொடவில்லை. நீரிழிவு நோயாளி இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிடப்பது ஆபத்து. மிஸ்ஸி வந்து அதட்டிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். நானும் அம்மாவும் அழுது பார்த்தோம். நெருங்கியவர்கள் அழுதால் நோயாளிக்குப் பயம்தான் கூடுகிறது.

பாட்டியைச் சாப்பிட வைத்தவர் பக்கத்துக் கட்டிலில் இருந்த சீன மூதாட்டி. ஆன்ட்டியின் மாமியார். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தவர். எண்பது வயதுக்கு மேலிருக்கும். எல்லாரும் அவரைப் போபோ என்று அழைத்தோம். போபோவும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. மறுநாள் மாலை கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பாட்டியை நேராகப் பார்த்தார். ஒரு கரண்டி வாயில் போட்டார். பிறகு கரண்டியைப் பாட்டியின் தட்டுப் பக்கம் நீட்டி, "லூ மாக்கான், குவா மாக்கான்" என்றார். நீ சாப்பிடு, நான் சாப்பிடுகிறேன். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். போபோவும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கால் மணிநேரம் இரண்டு கிழவிகளும் பேசாமல் இருந்தார்கள். பிறகு பாட்டி என்னிடம், "அந்தக் கெழவி பட்டினி கெடக்குது, அந்தத் தட்ட எடு" என்றார். அந்த வேளையிலிருந்து இருவரும் ஒரு கரண்டிக்கு ஒரு கரண்டி என்று சாப்பிட்டார்கள். தனக்காகச் சாப்பிட மறுத்தவர் இன்னொருவர் பட்டினி கிடக்கக் கூடாது என்று சாப்பிட்டார்.

இதைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்தேன். நாங்கள் பாட்டிக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். போபோதான் பாட்டியிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். நீ சாப்பிட்டால் எனக்கு உதவியாக இருக்கும் என்றார். படுக்கையில் விழுந்த பிறகு பாட்டியிடம் உதவி கேட்ட முதல் ஆள் அவர். ஒருவரிடம் வாங்கிக்கொள்வதும் அவருக்கு நாம் கொடுக்கும் ஒரு மதிப்பு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அறுவைக்கு முதல் நாள் இரவு பாட்டியின் கட்டில் தலைமாட்டில் "புவாசா" என்று எழுதிய அட்டையை மாட்டினார்கள். நள்ளிரவுக்கு மேல் எதுவும் உண்ணக் கூடாது என்று பொருள். நோன்புக்கும் அதே சொல்தான். மாக்சிக் அந்த அட்டையைக் காட்டிச் சிரித்து, நாளை உங்கள் பாட்டிக்கு நோன்பு, திறக்கும்போது நான் நல்லதாக ஒன்று கொண்டுவருகிறேன் என்றார். சொன்னபடியே அறுவை முடிந்த மூன்றாம் நாள் ஹருவான் மீன் சாறு கொண்டுவந்தார். காயம் ஆற அந்த மீன் நல்லது என்பது மலாய்க்காரரிடையே பழைய நம்பிக்கை. அதே வாரத்தில் சீன ஆன்ட்டி போபோவுக்காக ஒரு மீன் சூப் கொண்டுவந்து எங்களுக்கும் ஒரு கிண்ணம் நீட்டினார். சாங் யூ என்றார். வெட்டுக் காயத்துக்கு அதுதான் மருந்து என்றார். அம்மா மீன் துண்டைப் பார்த்துவிட்டு, "இது நம்ம விரால் மீன்தானே!" என்றார். ஹருவான், சாங் யூ, விரால் மூன்றும் ஒரே மீன். அந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை என்று மலேசியப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நடந்திருக்கிறது. மிஸ்ஸியிடம் அனுமதி கேட்ட பிறகே உப்பில்லாமல் கொஞ்சம் கொடுத்தோம். மாக்சிக் சொல்லும் பந்தாங் என்பதும் நாம் சொல்லும் பத்தியம் என்பதும் ஏறக்குறைய ஒன்றே. நோயாளிக்கு எது ஆகும், எது ஆகாது என்ற கவலையில் மூன்று வீட்டு அடுப்பும் ஒன்றுபோலத்தான் எரிகிறது.

நம் பெரியவர்களுக்கு இதெல்லாம் புதியதல்ல. பாட்டி அந்த நாள்களில் தோட்டத்துக் கதைகளை நிறையச் சொன்னார். விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டும். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். அங்கே இருந்த ஆயாதான் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் பாலும் சோறும் ஊட்டுவார். என் அப்பாவின் முதல் கவளங்கள் பலவற்றை ஊட்டியது ஓர் அந்நியப் பெண்ணின் கை. லயத்தில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் அந்த வீட்டு அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வரும். வாங்கியவரும் வெட்கப்பட்டதில்லை, கொடுத்தவரும் பெருமைப்பட்டதில்லை. அடுத்த மாதம் முறை மாறும் என்று இருவருக்கும் தெரியும்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நிலம் வீடமைப்புக்கும் வேறு திட்டங்களுக்கும் போனது. நம் குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. இந்த வரலாற்றைப் பேசும்போது வேலை போனதையும், கோயிலும் தமிழ்ப்பள்ளியும் போனதையும் சொல்கிறோம். பக்கத்து வீட்டுக் கஞ்சி போனதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்று அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் மருத்துவமனையில் இருந்தால் நமக்குத் தெரிவது ஒரு வாரம் கழித்துத்தான். லயத்தில் தொலைந்த அந்தப் பழக்கத்தை நான் மருத்துவமனை வார்டில் பார்த்தேன். ஒரே வரிசை, கதவில்லாத வீடுகள், ஒருவர் இருமினால் இன்னொருவர் எழுந்து பார்க்கும் நெருக்கம். வார்டும் ஒருவகையில் ஒரு லயம்தான். மூன்று இனத்தாரும் சேர்ந்து வாழும் லயம்.

நம் இலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் வரும் அமுதசுரபியை நாம் அறிவோம். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். மணிமேகலை அதைக் கொண்டு காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்த்தாள். நோயாளிகளும் ஆதரவற்றோரும் கூடும் உலக அறவியில் எல்லாருக்கும் உணவளித்தாள். பட்டிமன்றங்களிலும் பேச்சுப்போட்டிகளிலும் இந்தப் பகுதியைத்தான் நாம் எடுத்துப் பேசுகிறோம். அதற்கு முந்திய பகுதியை அதிகம் பேசுவதில்லை. அந்தப் பாத்திரத்தைக் கையில் ஏந்தி மணிமேகலை முதலில் ஆதிரையின் வீட்டு வாசலில் போய் நின்றாள். ஆதிரை பிச்சை இட்டாள். அதன் பிறகே ஊருக்கு உணவளிக்கும் பணி தொடங்கியது. ஊருக்கே சோறிடப் போகும் பாத்திரம் முதலில் ஒரு பெண்ணின் கையிலிருந்து ஏற்றுக்கொண்டது. கொடுப்பவர் வேறு, ஏற்பவர் வேறு என்று பிரித்துப் பார்க்கும் நமக்கு அதில் ஒரு பாடம் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

இக்கருத்துக்கு மறுப்புகள் உண்டு என்பதையும் நான் அறிவேன். முதலாவது, நோயாளிக்குக் கண்டதைக் கொடுக்கலாமா என்பது. கொடுக்கவே கூடாது. தாதியிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்காமல் ஒரு துண்டுப் பழம்கூடக் கொடுக்கக் கூடாது. அதிலும் நம் சமூகம் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்கவேண்டும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இன அடிப்படையில் பார்த்தால் இந்தியர்களிடையேதான் இந்நோய் மிக அதிகம். என் பாட்டியை அந்தக் கட்டிலுக்குக் கொண்டுபோனதில் உணவுக்கும் பங்குண்டு. கெட்டிப்பால் ஊற்றிய தேநீர், விருந்தாளி வந்தால் சர்க்கரை கூடுதல், விசேஷம் என்றால் இனிப்பு. அன்பு என்றால் இனிப்பு என்று பழகிவிட்டோம். ஆகவே நான் சொல்வது நோயாளியின் வாயில் உணவைத் திணிப்பதை அல்ல. நாற்காலியில் இருப்பவரைக் கவனிப்பதை. அவருக்கும்கூடச் சர்க்கரை இல்லாத தே ஓவும் ஒரு பொட்டலம் சோறும் போதும். மாக்சிக் கேட்டதுபோல் முதலில் கேட்டுவிட்டுக் கொடுப்போம்.

இரண்டாவது மறுப்பு, முதலில் நம் இனத்தவரைப் பார்ப்போம், பிறரைப் பிறகு பார்க்கலாம் என்பது. நம்மவரின் ஏழ்மையை அறிந்து, அக்கறையோடுதான் இதைச் சொல்கிறார்கள். ஆனால் வார்டில் அப்படிப் பிரித்துப் பரிமாற முடியாது. பன்னிரண்டு கட்டில்கள் கொண்ட வரிசையில் மூன்று கட்டிலுக்கு மட்டும் உணவு கொண்டுபோய்ப் பாருங்கள், நடக்கவே கால் வராது. கோலாலம்பூர் ஜாலான் ராஜா ஆலாங்கிலுள்ள தாத் கால்சா குருத்துவாராவில் யார் போய் உட்கார்ந்தாலும் லங்கார் உணவு கிடைக்கும். எந்த இனம், எந்த மதம் என்று கேட்பதில்லை. தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போகும் வழியிலுள்ள நம் தண்ணீர்ப்பந்தல்களிலும் யார் கை நீட்டினாலும் மோரும் சோறும் கிடைக்கிறது. ஆண்டுக்கொரு முறை நமக்கு இயல்பாக வருவது மற்ற நாள்களில் ஏன் வரக்கூடாது?

மூன்றாவதாக, மாணவர்களாகிய நம்மால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி. நம்மிடம் பணம் இல்லை என்பது உண்மை. ஆனால் மருத்துவமனையில் பணத்தைவிட அருமையான ஒன்று நம்மிடம் இருக்கிறது. தமிழும் மலாயும் ஆங்கிலமும் நமக்குத் தெரியும். பாட்டிக்கு நான் மொழிபெயர்த்ததைக் கேட்டுவிட்டு அதே வார்டிலிருந்த வேறு இரண்டு தமிழ்ப் பாட்டிமார்களும் என்னை அழைத்தார்கள். ஒருவர் ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பெருவிரல் ரேகை வைத்த பிறகுதான் கேட்டார். அறிவியல் தமிழ் வளரவேண்டும் என்று ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்துகிறோம். தன் காலுக்கு என்ன நடக்கப்போகிறது என்பதை ஒரு மூதாட்டி தன் மொழியில் தெரிந்துகொள்வதைவிட அவசரமான அறிவியல் தமிழ் எது?

எனவே நம் கழகத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். பொங்கல் விழாவும் நாடக விழாவும் பேச்சுப்போட்டியும் தொடர்ந்து நடக்கட்டும். அவற்றோடு மாதம் ஒருமுறை, பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போகட்டும். பெரிய அரசு மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு உண்டு. அதன் அனுமதியோடு, அவர்கள் காட்டும் இடத்தில் செய்யவேண்டும். நம் விருப்பத்துக்கு வார்டுக்குள் நுழையக் கூடாது. கொண்டுபோவது துணைக்கு இருப்பவர்களுக்கான எளிய உணவு: எல்லா இனத்தாரும் உண்ணத் தக்கதாக, ஹலால் கடையில் வாங்கிய சைவ உணவாக இருந்தால் போதும். கூடவே, படிவங்களைப் படித்துச் சொல்லவும், மருத்துவரின் அறிவுரையைத் தமிழில் எழுதிக் கொடுக்கவும் இரண்டு பேர் இருக்கட்டும். விளம்பரத் துணியும் புகைப்படமும் வேண்டாம். உணவு வாங்கும் கையைப் படம் எடுத்தால் ஏழு வயதில் நான் உணர்ந்த கூச்சத்தை அவருக்கும் கொடுத்தவர்களாவோம்.

இன்னொரு வேண்டுகோள், தனித்தனியே நம் ஒவ்வொருவருக்கும். நம் வீட்டிலும் ஒருநாள் யாரோ ஒருவர் படுக்கையில் விழுவார். அன்று அந்த நாற்காலி நமக்கு வரும். பக்கத்துக் கட்டிலிலிருந்து யாராவது ஒரு தட்டை நீட்டினால், வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு எது ஆகாது என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். அவருக்கு எது ஆகாது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் பெயர் உங்களுக்குத் தெரியாமலே போகலாம். எனக்கும் மாக்சிக்கின் பெயர் தெரியாது. அவருடைய தாயாரை எங்களுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்குத் திருப்பிக் கொடுக்க எனக்கு வாய்ப்பில்லை. அதனால் அடுத்து அந்தக் கட்டிலுக்கு வந்த பெண்ணுக்கு நான் கொடுத்தேன். அந்தக் கணக்கு அப்படித்தான் தீரும் என்று நினைக்கிறேன்.

பாட்டி இரண்டு விரல்களோடு பிழைத்துக்கொண்டார், கால் தப்பியது. மூன்றாம் வகுப்பு வார்டுக்கு ஒரு நாளைக்கு 3 வெள்ளி என்று கட்டணச் சீட்டு வந்தது. அப்பா அதைக் கட்டிவிட்டார். கோழிச்சோற்றுக்கும் விரால் சாற்றுக்கும், ஒரு கரண்டிக்கு ஒரு கரண்டி என்று போபோ எங்களுக்குத் திருப்பித் தந்த பாட்டிக்கும் கட்டணச் சீட்டு எதுவும் வரவில்லை. அந்தக் கடனைக் கட்ட ஒரே வழிதான் இருக்கிறது. நமக்கு முன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் போய், சாப்பிட்டீர்களா என்று கேட்போம். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்போம்.